காயடித்ததென்று விற்ற குதிரை

நேற்று என் இருமலுக்காக மனைவி கொள்ளு ரசம் வைத்தாள். கொள்ளு வேகிற வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ரசத்து மேல என்னங்க கோவம்?" என்றாள். ரசத்தின் மேல் இல்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் லாயம் வைத்திருந்த எங்கள் முதலாளியின் மேல். போய்ச் சேர்ந்தவரைக் குறை சொல்லக் கூடாதாம். நான் சொல்வேன். நீங்கள் நம்ம ஆள்தானே, கேளுங்கள்.

மோட்டார் கார் துரைமார் வீட்டில் மட்டுமே இருந்த காலம். ரயிலிறங்கி வருகிறவர்களுக்குக் குதிரை வண்டிதான். அந்த லாயத்தில் நான் ஒரு வண்டி ஓட்டினேன், சின்னையா ஒரு வண்டி. பின்னால் தகரக் கூரை போட்ட அறைகள் எங்களுக்கு. வேலை இருக்கும்வரை அறையும் இருக்கும். நான் தனிக்கட்டை. பழைய சேணமும் நானும் ஒரே அறையில் குடித்தனம் நடத்தினோம். சின்னையாவின் மனைவிக்கு அப்போது நிறைமாதம். அவனுக்கு இருந்த ஒரே கவலை, பிள்ளை பிறக்கும்வரை அந்த அறை கையைவிட்டுப் போகக் கூடாது என்பதுதான்.

அந்தச் சமயத்தில்தான் முதலாளி கிள்ளானிலிருந்து ஒரு சிவப்புக் குதிரையை வாங்கி வந்தார். காயடித்ததாம், பசு மாதிரி இருக்குமாம். புதுக்குதிரை வந்தால் எலுமிச்சம்பழத்தை மிதிக்கவிட்டு, நெற்றியில் திருநீறு பூசி, அப்புறம் ஆளுக்கொரு தரம் தொடையிடுக்கில் தடவிப் பார்ப்பது எங்கள் வழக்கம். பை காலியாக இருந்தால் சாது. காலியாகத்தான் இருந்தது. நானும் பெரிய வைத்தியர் மாதிரித் தலையாட்டினேன். அறுத்த தழும்பு இருக்கிறதா என்று ஒருவரும் பார்க்கவில்லை.

அதைச் சின்னையாவின் பெட்டைக் குதிரைக்குப் பக்கத்தில் கட்டினார்கள். கட்டியதிலிருந்து ஒரே கனைப்பு, உதை. நடுப்பலகையைக் கடித்தே தின்றது. சின்னையா கெஞ்சிப் பார்த்தான். "மொதலாளி, இது ஆம்பளக் குதிரைங்க. பெட்டைய வேற பக்கம் கட்டிக்கிறேன்."

"கொட்டையே இல்லாததுக்குப் பெட்டையாவது கிட்டையாவது. நீ அடிச்சுக் கெடுத்துட்டே. இன்னொரு தரம் சத்தம் கேட்டுச்சு, ரூம காலி பண்ணிக்கிட்டுப் போயிரு."

மனைவியின் வயிற்றை நினைத்துச் சின்னையா பெட்டையை அங்கேயே விட்டுவிட்டான். மறுநாள் காலை பெட்டையை வண்டியில் பூட்ட வெளியே கொண்டுவந்தபோது சிவப்பன் கயிற்றை அறுத்துக்கொண்டு பாய்ந்தது. குறுக்கே நின்ற சின்னையாவின் வலது கையைக் கவ்வி உலுக்கியது. நாங்கள் மண்வெட்டியால் மூக்கில் அடித்துத்தான் விடுவித்தோம். எலும்பு முறிந்து கை கோணிப்போயிற்று. விரல்கள் கடிவாள வாரைப் பிடிக்க மறுத்துவிட்டன.

முதலாளி அன்றே மிருக வைத்தியரான ஒரு துரையை வரவழைத்தார். சின்னையாவுக்காக என்று நினைத்துவிடாதீர்கள். பெட்டையின் கழுத்தில் பல் பட்டிருந்தது, அதற்காக. துரை சிவப்பனின் கூத்தைப் பார்த்துவிட்டு, காலைக் கட்டச் சொல்லி, கையில் சோப்பு பூசி, பின்வழியாக முழங்கைக்கு மேல்வரை விட்டுத் துழாவினார். காயடிக்கவே இல்லையாம். இரண்டு விதையும் பிறந்ததிலிருந்து கீழே இறங்காமல் வயிற்றுக்குள்ளேயே தங்கிவிட்டனவாம். குட்டி போட வைக்க முடியாது, ஆனால் குணம் ஆண்குணம்தான் என்றார்.

முதலாளி சின்னையாவிடம் போய் ஒரு வார்த்தை சொன்னாரா? கிள்ளான்காரன் ஏமாற்றிவிட்டான் என்று தெருவே கேட்கக் கத்தினார். கத்தி முடித்ததும் குதிரையை விற்க, மேரு என்ற ஊரிலிருந்து ஒரு ஆளைப் பிடித்து வந்தார். "காயடிச்சது, பசு மாதிரி இருக்கும். வேணும்னா தடவிப் பாருங்க."

கயிற்றைப் பிடித்திருந்த எனக்குப் பொறுக்கவில்லை. "உள்ள இருக்குங்க. துரையே கைய விட்டுப் பாத்துச் சொன்னாரு" என்றேன்.

வந்தவர் தடவிப் பார்த்துச் சிரித்தார். "உள்ள இருக்கிறது உள்ளயே இருக்கட்டும் தம்பி" என்று குதிரையை ஓட்டிக்கொண்டு போனார். என் வேலையும் அதோடு போயிற்று. சின்னையாவை மட்டும் சும்மா விடுவாரா? "ஒத்தக் கைய வச்சிக்கிட்டு என்னத்த ஓட்டுவே?" என்று அன்று மாலையே அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

இன்று அந்த இடத்தில் மோட்டார் பழுது பார்க்கிறார்கள். தெருவில் சாணம் இல்லை, குளம்புச் சத்தம் இல்லை. முதலாளியும் மேளதாளத்தோடு, நல்லவர் என்ற பெயரோடு போய்ச் சேர்ந்தார். அன்று மாலை சாலாக் செலாத்தான் போகிற சாலையில் சின்னையா முன்னால் நடந்தான். மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அவன் மனைவி பின்னால் போனாள். பிறகு பலமுறை அங்கே போய் விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை. பிறந்தது ஆணா பெண்ணா என்பதுகூட இன்றுவரை எனக்குத் தெரியாது.