அவளுக்குக் காய்ச்சல் என்று ஜெபித்தோம்

நிறைந்த உப்புக் கூடையைத் தனியாகத் தன் தலைக்கு ஏற்றிக்கொள்ள எங்களில் யாராலும் முடியாது. இன்னொருத்தி கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டும். அதனால் எங்கள் உப்பளத்தில் பெண்களுக்கு ஜோடி ஜோடியாகத்தான் வேலை. ஒன்பது வருஷம் எனக்கு ஜோடி அவள். என்னை முதலில் ஜெபத்துக்குக் கூட்டிப்போனதும் அவள்தான். ஒரே நாளில் கடலில் ஞானஸ்நானம் எடுத்தோம். அதற்குப் பிறகு என் புருஷன் வீட்டார் என் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. "நான் இருக்கேன்க்கா" என்று என் பக்கத்தில் நின்றவளும் அவளே.

போன சித்திரையில் உப்பு நன்றாக விளைந்தது. மேஸ்திரி எங்களிடம் வந்து, "ஞாயித்துக்கிழமையும் வரணும். வராதவங்கள ஜோடிய விட்டுப் பிரிச்சுக் கடைசிப் பாத்திக்கு அனுப்பிடுவேன்" என்றார். அவள் முந்திக்கொண்டு, "நாங்க ரெண்டு பேரும் வர மாட்டோங்க. சபைக்குப் போவணும்" என்றாள். வரப்பில் திரும்பும்போது என் கையைப் பிடித்தாள்.

"போனா ரெண்டு பேரும் போவோம், நின்னா ரெண்டு பேரும் நிப்போம். சாமி முன்னாடி சொல்றேன்க்கா."

அந்த ஞாயிறு காலை போனில் அவள் குரல் வந்தது. "அக்கா, காய்ச்சலா இருக்குது. எழுந்திருக்க முடியல. சபையில எனக்காக ஜெபம் பண்ணச் சொல்லுக்கா."

சொன்னேன். சொல்லும்போதே அழுதேன். மூட்டுவலிக்காரி ஒருத்திகூட சிரமப்பட்டு முழங்காலிட்டாள். ஆராதனை முடிந்ததும், அவளுக்கென்று காய்ச்சி வைத்திருந்த கஞ்சித் தூக்கோடு அவள் வீட்டுக்கு நடந்தேன். உப்பளத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். வரப்பில் அவள் குனிந்து நின்றாள். யாரோ ஒருத்தி என் இடத்தில் நின்று அவள் தலைக்குக் கூடையைத் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் கூடையோடு நின்றாள். "பயந்துட்டேன்க்கா. சாமி புரிஞ்சுப்பாரு. நீதான் புரிஞ்சுக்க மாட்ட."

பயந்தவள் பொய் சொல்வாள், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தப் பொய்யை என் வாயால் தேவனிடம் சொல்ல வைத்தாளே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கஞ்சியை வழியில் ஒரு நாய்க்கு ஊற்றிவிட்டேன்.

மேஸ்திரி சொன்னபடி செய்தார். கடைசிப் பாத்தியில் தூக்கிவிட ஆளில்லாமல், அரைக்கூடை அரைக்கூடையாக நிரப்பி நானே தலைக்கு ஏற்றினேன். நாள் முழுக்க அவளைத் திட்டிக்கொண்டே நடந்தேன்.

அடுத்த சனிக்கிழமை கோடை மழை கொட்டி, உப்பளத்தில் வேலை நின்றது. மறுநாள் அவளும் சபைக்கு வந்தாள். சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்தாள். சும்மா உட்கார்ந்திருந்தால் அவளை மன்னித்து விட்டிருப்பேன்.

"போன வாரம் எல்லாரும் எனக்காக ஜெபம் பண்ணீங்க. காய்ச்சல் போயிடுச்சு. தேவன் என்னைக் கைவிடல."

சபை முழுக்க "ஸ்தோத்திரம்" என்றது. அவள் என்னையே பார்த்தாள். எழுந்து உண்மையைச் சொல்ல நாக்கு துடித்தது. மூட்டுவலிக்காரி என் முழங்கையை இடித்து, "நீதானே ஜெபிக்கச் சொன்ன? ஸ்தோத்திரம் சொல்லு" என்றாள்.

கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். அவளுக்காகச் சொல்லவில்லை. எனக்குத் தந்த வாக்கைக் காப்பாற்ற தேவனைத் தவிர வேறு யாரும் மிச்சமில்லை என்பதால் சொன்னேன்.

மழை ஓய்ந்து உப்பளத்தில் வேலை தொடங்கிய பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, சபையில் என் பக்கத்து இடம் மறுபடி காலியாக இருந்தது. நான் எங்கேயும் போகவில்லை, அங்கேயே நின்றேன்.