நட்சத்திரம் இல்லாத வீடு

மயிலாப்பூரில் எங்கள் தெருவில் கிறிஸ்தவ வீடுகள் ஏழெட்டு உண்டு. டிசம்பர் பிறந்தால் எல்லா வாசலிலும் காகித நட்சத்திரம் தொங்கும். தொங்கவில்லை என்றால் அது அந்த வருஷம் சாவு விழுந்த வீடு. தெரிந்தும், போன கிறிஸ்துமஸுக்கு நான் நட்சத்திரம் போடவில்லை. வழக்கமாக ஸ்டூலில் ஏறி அதைக் கட்டுவது என் மகன். சரக்குக் கப்பலில் எஞ்சின் வேலைக்குப் போயிருந்தான். கப்பல் போகும் கடலில் போர். கரையிலிருந்து ஏவுகணை விடுகிறார்கள். "அதைத் தாண்டற வரைக்கும் போன் வராதும்மா, டிவி பாக்காத" என்று சொன்னவன் அப்புறம் பேசவே இல்லை. அவன் குரலைக் கேட்டுவிட்டுக் கட்டலாம் என்றிருந்தேன். டிவி மட்டும் பார்த்தேன். ஒரு கப்பல் எரிந்தது. பெயர் சொல்லவில்லை.

ஒரு சாயங்காலம் சர்ச்சிலிருந்து கேரல் பாடுகிறவர்கள் வந்தார்கள். கேக்கும் கல்கல் பலகாரமும் தட்டில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். எங்கள் கேட்டருகே வந்ததும் டிரம் நின்றது. தலையைக் குனிந்தபடி கடந்து போனார்கள்.

செருப்பில்லாமல் பின்னால் ஓடினேன். "அண்ணே, எங்க வீட்ட ஏன் விட்டுட்டீங்க?"

கிடார் வைத்திருந்த பெரியவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஸ்டார் இல்லையேம்மா. துக்கத்துல இருக்கீங்கன்னு..."

"யாருக்குத் துக்கம்? உங்களுக்கு ஏதாவது சேதி வந்துதா?"

டிரம்காரர்தான் சொன்னார்: "டிவில கப்பல் எரிஞ்சிக்கினு இருந்துச்சே அக்கா. உங்க புள்ள கப்பல்னு எல்லாரும் பேசிக்கினாங்க." பக்கத்தில் நின்றவள் அவர் கையைக் கிள்ளினாள்.

"வந்து பாடுங்க" என்றேன். வந்தார்கள். டிரம் இல்லாமல், சவ அடக்கத்துக்குப் பாடும் குரலில் பாடினார்கள். கேக்கை ஒருவரும் தொடவில்லை. போகும்போது பெரியவர் என் கணவரின் தோளைத் தொட்டு, "கர்த்தர் தேத்துவார்" என்றார். கணவர் "தேங்க்ஸ்" என்றார். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று மதியம் மகன் அழைத்தான். எரிந்தது அவர்களுக்கு முன்னால் போன கப்பல். ஆட்கள் தண்ணீரில் குதித்ததைப் பார்த்தானாம். "நாங்க நிறுத்தலம்மா. நிறுத்தக் கூடாதுன்னு ஆர்டர்."

"நல்லவேளை" என்றேன்.

 அவன் பேச்சை மாற்றி, "ஸ்டார் போட்டியா?" என்றான்.

"போட்டாச்சு" என்று சொல்லி, போனை வைத்ததும் ஓடிப்போய்க் கட்டினேன்.

அவன் திரும்பி வர வேண்டிய வழியும் அதே கடல்தான். ஈஸ்டர் முடிந்துவிட்டது. நட்சத்திரம் வெயிலில் வெளுத்துக் கிடக்கிறது. "இன்னாக்கா, உங்க வூட்ல மட்டும் கிறிஸ்மஸ் முடியவே முடியாதா?" என்று மீன்காரம்மா சிரிக்கிறாள். நேற்று காற்றில் ஒரு முனை கிழிந்தது. டேப் போட்டு ஒட்டி, திரும்பவும் கட்டியிருக்கிறேன்.