மலை மறைத்தால் பொழுது போய்விடுமா?

போன வருஷம் மார்கழி மாதம், செஞ்சியில் எங்கள் வீட்டு வராந்தாவில் நடந்தது இது. நைனாவுக்குப் பக்கவாதம் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. பேச்சு போயிருந்தது. வலது கை அப்போதுதான் லேசாக அசைய ஆரம்பித்திருந்தது.

நாங்கள் தமிழ்ச் சமணர்கள். பொழுது சாய்ந்தபிறகு எதையும் சாப்பிட மாட்டோம். நைனா தானாகச் சாப்பிட்டால் நேரமாகிவிடும், பட்டினி கிடப்பாரே என்று தினமும் நானே அவசர அவசரமாக ஊட்டிவிடுவேன். மகள் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று எனக்கே கொஞ்சம் பெருமை வேறு. பயிற்சி கொடுக்க வந்த பிசியோதெரபிஸ்ட் பெண் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டாள்.

"நல்லாதானே முழுங்கறாரு, அப்புறம் ஏன்க்கா ஊட்டறீங்க? அந்தக் கைய நீங்களே தூங்க வைக்கிறீங்க."

சுருக்கென்றது. மறுநாள் நாலரை மணிக்கே சாப்பாட்டுத் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். ஒரு வாய் உள்ளே போனால் இரண்டு வாய் மடியில் விழுந்தது. பார்க்க வந்திருந்த அத்தை, நைனாவின் அக்கா, கொதித்துப்போனார்.

"பெத்தவன இப்டியா வேடிக்க பாப்ப? பொழுது போயிடுச்சி பாரு!"

கோட்டை மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கியிருந்தது. தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. எனக்கும் வீம்பு ஏறியது.

"மலை மறைச்சா பொழுது போயிடுமா அத்தை? மலைக்கு அந்தாண்ட இருக்கறவன் இன்னும் வெயில்லதான் நிக்கிறான். செல்லுல பாருங்க, பொழுது சாய இன்னும் இருபது நிமிஷம் இருக்குது."

நேரம் இருக்கிறது என்றதும் அத்தைக்குப் பொறுக்கவில்லை. சோற்றை உருட்டி நைனாவின் வாயருகே கொண்டுபோனார். நைனா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். அந்த வலது கை, நடுங்கிக்கொண்டே எழுந்து, அத்தையின் கையைத் தள்ளியது.

"வேணாம்."

மூன்று மாதத்தில் அவர் வாயிலிருந்து தெளிவாக வந்த முதல் வார்த்தை அது. அத்தை விசும்பி அழுதார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

மிச்சத்தை அவரே அள்ளிச் சாப்பிட்டார். நேரம் முடிந்தபோது இரண்டு வாய் மீதி இருந்தது. நைனாவே தட்டை நகர்த்திவைத்தார். மறுநாளிலிருந்து மூன்றரைக்கே தட்டு வைக்கிறேன். இப்போது பொழுதுக்கு முன்னாலேயே தட்டு காலியாகிவிடுகிறது.

சொந்தத்தில் சிலர் இன்னும் என்னைக் கல்நெஞ்சக்காரி என்கிறார்கள். நைனா தன் கையால் பிசைந்து சாப்பிடுகிறார், எனக்கு அந்தப் பெயரே இருந்துவிட்டுப் போகட்டும்.