டிபன் டப்பாவில் குடவோலை

இன்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை உத்திரமேரூர் கோயில் கல்வெட்டைக் காட்ட அழைத்துப் போனேன்.

பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, குலுக்கி எடுத்து ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்தெடுத்த கதையைப் பெருமையாகச் சொன்னேன். கால் வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் இருந்தவர் பெயர்தான் குடத்துக்குள் போகும் என்பதையும் சொன்னேன்.

ஜெனிபர் கையைத் தூக்கினாள். "எங்க வூட்ல நெலமே இல்ல மிஸ். அப்ப எங்க நைனா பேரு?"

"போட மாட்டாங்க."

"அது அநியாயம் இல்லியா?"

"அநியாயம்தான். நாமதான் தட்டிக் கேக்கணும்" என்றேன் வீராப்பாக.

"அப்ப உங்களையே கேக்கறேன் மிஸ். ஃபர்ஸ்ட் ரேங்க் வாங்கறவங்களத்தான லீடரா போட்றீங்க? நாங்கல்லாம் இன்னா பண்ணோம்?"

வசமாக மாட்டிக்கொண்டேன். ஆனால் மனசு துள்ளியது. கோயில் வாசலிலேயே நோட்டைக் கிழித்து எல்லோர் பெயரையும் எழுதி என் டிபன் டப்பாவில் போட்டோம். வேன் டிரைவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சீட்டை எடுத்தார்.

தினேஷ். வகுப்பில் பேசுகிறவர்களின் பெயரை லீடர் போர்டில் எழுதுவது வழக்கம். அதில் தினமும் முதல் பெயர் இவனுடையதுதான்.

திரும்பும் வழியெல்லாம் வேனில் நான் கல்வெட்டைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தேன். இறங்கும்போது புது லீடர் ஒரு தாளை நீட்டினான்.

"பேசியவர்கள்: 1. மிஸ்."

"இன்னாடா இது?"

"யார் பேரையும் விடக் கூடாதுன்னு இன்னிக்குத்தான மிஸ் முடிவு பண்ணோம்."

ஆசிரிய நண்பர்களே, இதற்கு எங்கே மேல்முறையீடு செய்வது?