ஒரே ஒரு பல்பு

எங்கள் வீட்டு மின்சாரக் கட்டணம் ஒரே மாதத்தில் ஐந்து ரூபாய் சில்லறையிலிருந்து பத்தொன்பது ரூபாய்க்குத் தாவியபோது, என் கணவர் முதலில் சந்தேகப்பட்டது என் அயர்ன் பெட்டியை.

அறுபதுகளின் தொடக்கம். நயா பைசா புழக்கத்துக்கு வந்த பிறகும் கடைத்தெருவில் அணாக் கணக்கில் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதி ஒன்றில் எங்களுக்கு வாடகை வீடு. அவர் திருச்சியில் ஓர் ஆபீஸில் தலைமை குமாஸ்தா. நான் கன்னியாஸ்திரீகள் நடத்திய பெண்கள் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். இரண்டு பெண்கள், பெரியவளுக்குப் பதினொன்று, சின்னவளுக்கு எட்டு. வீட்டில் நாலு பல்பு, ஒரு ஃபேன், ஒரு ரேடியோ, அப்புறம் அந்த அயர்ன் பெட்டி. எங்கள் மின்சார சாம்ராஜ்யம் அவ்வளவுதான்.

ரேழியில் இருந்த மீட்டரைப் பார்த்துக் கணக்கெழுத வந்தவர் அட்டையை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார். வாயில் வெற்றிலை இருந்ததால் அண்ணாந்து கேட்டார்.

"வீட்டுக்குள்ள ரைஸ் மில் ஏதும் வச்சிருக்கீங்களாம்மா?"

சாயங்காலம் என் கணவர் வந்ததும் அட்டையைக் காட்டினேன். நன்றாகப் பார்ப்பதற்காக விளக்கு சுவிட்சுக்குப் போன கை பாதியில் நின்றது. அட்டையோடு வாசலுக்குப் போய்த் தெரு வெளிச்சத்தில் படித்தார். திரும்பி வந்தபோது வேறு மனிதராக இருந்தார்.

"தினம் புடவை அயர்ன் பண்றயோன்னோ? அதான்."

"வருஷக் கணக்கா பண்ணிண்டுதானே இருக்கேன். பக்கத்துப் பந்தலுக்குக் கரண்டு குடுத்தேளே, அதைப் போய்ப் பாருங்கோ."

"அது ஒரே ஒரு பல்பு. பகவத் விஷயத்துல கணக்குப் பார்க்காதே."

அந்தப் பல்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டை ஒட்டி ஒரு காலி மனை. அதில் ஒரு பக்தி சபையைச் சேர்ந்தவர்கள் கீற்றுப் பந்தல் போட்டு, தினமும் மாலை ஆறிலிருந்து எட்டு வரை உபன்யாசம் நடத்தினார்கள். சபையின் காரியதரிசி ரிட்டயரான ரெவின்யூ அதிகாரி. ஒரு நாள் தட்டில் பழத்தோடு வந்தார். "அடியேன் ஒரு விண்ணப்பம். பந்தல் வாசலுக்கு ஒரே ஒரு பல்பு. பத்து நாள்தான். மிச்சத்துக்கெல்லாம் ஏற்பாடு ஆயாச்சு" என்றார். என் கணவர் தலையாட்டி முடிப்பதற்குள் ஓர் ஆள் எங்கள் கொல்லைச் சுவரில் ஏறிவிட்டான். முதல் நாளே மைக்கில் அவர் பெயரைச் சொல்லி, 'பரம தாராள மனசுக்காரர்' என்று பொன்னாடை போர்த்தினார்கள். ஆபீஸில் மேலதிகாரியிடம் வசவு மட்டுமே வாங்கிப் பழகிய மனிதர். அந்தப் பொன்னாடையை மூன்று நாள் கொடியிலேயே போட்டு வைத்திருந்தார், வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று. பத்து நாள் போய் ஒரு மாதம் ஆயிற்று. பந்தல் பிரியவில்லை. இவரும் கேட்கவில்லை. முதல் வரிசை நாற்காலியில் உட்காருகிறவர் எப்படிக் கேட்பார்?

ஆகவே குற்றவாளியை வீட்டுக்குள் தேடினார். மறுநாளே சமையலறைக் கதவில் ஒரு சர்க்குலர் ஒட்டப்பட்டது. நம்பர் போட்டு எட்டு ஷரத்துகள். அயர்ன் பெட்டி பீரோ மேல் ஏற வேண்டும். ரேடியோவில் செய்தி மட்டும். ஃபேன் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும். சமையலறையில் நாற்பது வாட் பல்புக்குப் பதில் ஜீரோ வாட். படித்ததற்கு அடையாளமாகக் கீழே கையெழுத்துப் போடச் சொன்னார். நான் போட்டேன். பெரியவள் போட்டாள். சின்னவள் பூனைப் படம் வரைந்தாள்.

பங்குனி மாதம். பரீட்சைக்குப் படிக்கிற பெண் நோட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டே படித்தது. நான் கசங்கின புடவையோடு பஸ்ஸேறிப் பள்ளிக்கூடம் போனேன். தலைமைக் கன்னியாஸ்திரீ என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்டில் ஏதாவது துக்கமா?" என்று விசாரித்தார். ஜீரோ வாட் வெளிச்சத்தில் சமைத்ததன் பலனை மட்டும் என் கணவரே அனுபவித்தார். அரிசியில் கல் பொறுக்க எனக்குக் கண் தெரியவில்லை. அவருக்குக் கடைவாய்ப் பல் தெறித்தது. தெப்பக்குளம் பக்கம் பல் டாக்டரிடம் அழுத தொகையில் ஒரு மாதத்துக்கு வீடு முழுக்க விளக்கெரித்திருக்கலாம். அதை நான் சொல்லவில்லை. கன்னம் வீங்கியவரிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது?

அடுத்த மாதம் அட்டையில் இருபத்து நாலு ரூபாய் எழுதியிருந்தது.

அன்று அவர் சாப்பிடவில்லை. தொகையைவிட, சர்க்குலர் தோற்றதுதான் அவரை அறுத்தது. உட்கார்ந்து இங்கிலீஷில் நாலு பக்கத்துக்கு ஒரு மனு எழுதினார். மீட்டர் பழுது என்பது அவருடைய புதுக் கட்சி. மூன்றாம் பக்கம் வரை இலக்கணத்தைத் திருத்தினேன். நாலாம் பக்கத்தில் நாட்டின் ஒழுக்கச் சீர்கேட்டைப் பற்றி எழுதியிருந்தார்; அதை அப்படியே விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை எனக்கு விடுமுறை, அவருக்கு அரை நாள். இருவருமாக மின்சார ஆபீஸுக்குப் போனோம். மத்தியான வேளை. நாலு காலி நாற்காலிகளுக்கு மேல் நாலு ஃபேன்கள் சுழன்றன. பட்டப்பகலில் விளக்கெல்லாம் எரிந்தது. என் கணவர் அவற்றை ஒவ்வொன்றாக நிமிர்ந்து பார்த்தார். எழுந்து அணைத்துவிடுவாரோ என்று பயந்தேன். ஒரு வழியாக வந்த குமாஸ்தா மனுவைக் கையில் எடை போட்டுப் பார்த்தார்.

"இவ்வளவு எழுதணுமாங்க? மீட்டர் டெஸ்ட் பண்ணணும்னு ஒரு வரி போதுமே. லைன்மேனை இன்னிக்கே அனுப்பறேன், போங்க."

சொன்னபடியே ஐந்தே முக்காலுக்கு லைன்மேன் வந்தார். பந்தலில் நாமாவளி ஆரம்பித்திருந்தது. வீட்டில் எல்லா சுவிட்சையும் அணைக்கச் சொன்னார். அணைத்தோம். அப்படியும் மீட்டருக்குள் இருந்த தட்டு சுழன்றது.

"ஒண்ணுமே எரியலையே, ஏன் சுத்தறது?" என்றார் என் கணவர்.

"அதைத்தாங்க பார்க்கணும்."

லைன்மேன் கொல்லைக்குப் போய், சுவரோரம் படர்ந்திருந்த புடலங்கொடியை விலக்கினார். கொல்லை விளக்குக்குப் போகிற ஒயரில், சுவிட்சுக்கு முன்னாலேயே ஓர் இணைப்பு. அங்கிருந்து கறுப்பு டேப் சுற்றிய தடித்த ஒயர் சுவர் தாண்டிப் போனது. அவரும் தாண்டினார். ஐந்து நிமிஷம் கழித்துத் திரும்பி வந்து விரல் மடக்கினார்.

"ஆறு டியூப் லைட்டு. ரெண்டு நிக்கிற ஃபேன். மைக் செட்டு. பின்னாடி தட்டி மறைவுல ஒரு கரண்டு அடுப்பு வச்சிருக்காங்க சார், பால் சுட வைக்க. காப்பியும் அதுலதான் போடறாங்க. பகல்லயும் சபைக்காரங்க நாலு பேர் உக்காந்து சீட்டாடறாங்களாம், ஃபேனுக்கு அடியில."

பந்தலில் அன்றைய உபன்யாசம் பிறர் பொருளுக்கு ஆசைப்படுவதைப் பற்றி. ஒவ்வொரு வார்த்தையும் எங்கள் மீட்டர் வழியாகத்தான் எங்கள் காதுக்கு வந்தது.

"வெட்டி விட்டுடவா சார்?"

"ஐயையோ, வேண்டாம்! உபன்யாசம் நடக்கறது!"

"வீட்டு கனெக்‌ஷனை வெளியில குடுக்கறது தப்புங்க. நான் எழுதினா அபராதம் உங்க பேருக்குத்தான் வரும். ரெண்டு நாள்ல எடுத்துடுங்க" என்று சொல்லி, நான் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு லைன்மேன் போனார்.

எட்டு மணிக்கு உபன்யாசம் முடிந்ததும் என் கணவர் அங்கவஸ்திரத்தை உதறிப் போட்டுக்கொண்டு காரியதரிசியைப் பார்க்கக் கிளம்பினார். போன வேகத்தைப் பார்த்தால் பந்தலையே பிரித்துக்கொண்டு வருவார் போலிருந்தது. அரை மணியில் தொன்னையில் சர்க்கரைப் பொங்கலோடு திரும்பினார்.

"என்ன ஆச்சு?"

"திங்கட்கிழமை பூர்த்தி விழாவாம். என்னை மேடையில உக்காத்தி வைக்கப் போறாளாம்."

"கரண்டு?"

"அடுத்த தொடரும் இங்கேயே வச்சுக்கறோம்னு கேட்டார். மூஞ்சிக்கு நேரே எப்படி மாட்டேன்னு சொல்றது?"

"எப்ப வரைக்கும்?"

"ஆடி முடிய."

பொங்கல் நன்றாக இருந்தது. முந்திரி நிறையப் போட்டிருந்தார்கள். அந்த அடுப்பில் கிளறியதாகத்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை நானே இரண்டு மாதத்துக் கணக்கைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு காரியதரிசி வீட்டுக்குப் போனேன். அவர் ஊஞ்சலில் இருந்தார். தாளை வாங்கவில்லை.

"அம்மா, இந்தப் புண்ணியமெல்லாம் யாருக்கு? உங்க குடும்பத்துக்குத்தானே?"

"புண்ணியத்துல பாதி உங்களுக்குக் குடுத்துடறோம். பில்லுலயும் பாதி எடுத்துக்கோங்கோ."

ஊஞ்சல் நின்றது. "உங்க ஆத்துக்காரர் கிட்ட பேசிக்கறேன். அவர் கௌரவஸ்தர்" என்றார். கௌரவஸ்தரை எப்படிப் பிடிப்பது என்று அவருக்குத் தெரியும். பொன்னாடை எட்டு முழம். விலை இரண்டரை ரூபாய்க்கு மேல் இராது. அதற்கு மாதம் பதினைந்து, இருபது ரூபாய் வட்டி கட்டிக்கொண்டிருந்தோம். நடந்து வரும்போது எனக்கு வந்த கோபம் காரியதரிசிமேல்கூட இல்லை. வேர்க்க வேர்க்கப் படித்த என் பெண்ணின் முகம்தான் கண்ணுக்கு முன்னால் நின்றது.

திங்கட்கிழமை என் கணவர் ஆபீஸிலிருந்து நேரே பந்தலுக்குப் போவதாகச் சொல்லியிருந்தார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். பெண்களுக்குத் தலை பின்னிப் பூ வைத்தேன். ஐந்தரை மணிக்கு மெயின் சுவிட்சை இறக்கினேன். வீட்டைப் பூட்டினேன். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு மூவருமாக அம்மா மண்டபத்துக்கு நடந்தோம். கோடைக் காவிரியில் கணுக்கால் தண்ணீர்தான். பெண்கள் மணலில் ஊற்றுத் தோண்டினார்கள். நான் படியில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் காற்று நன்றாக இருந்தது; சர்க்குலரில் அதற்கு ஷரத்து இல்லை.

ஏழரை மணிக்குத் திரும்பினோம். பந்தலில் ஒரே ஒரு பெட்ரோமாக்ஸ். கூட்டம் கலையாமல் இருந்தது. முன்னால் நெருக்கி உட்கார்ந்திருந்தது. உபன்யாசம் செய்கிற பெரியவரின் குரல் மைக் இல்லாமல் தெளிவாகக் கேட்டது. இத்தனை நாளும் மைக்கின் ஊளையில் பாதி வார்த்தை புரியாது. வீட்டு வாசலில் என் கணவர், கழுத்தில் வாடிய மாலையோடு நின்றுகொண்டிருந்தார்.

"எங்கே போயிருந்தே? மேடையில எல்லாரும் என்னையே பார்த்தா. மானம் போச்சு!"

"நல்ல மாலையா இருக்கே. கதம்பமா?" என்றாள் சின்னவள்.

ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. சாம்பார் வேண்டுமென்றால் பெரியவளிடம் சொல்லுவார்.

ஆனால் மறுநாள் காலையிலேயே ஒன்று நடந்தது. உபன்யாசம் செய்த பெரியவர் தனியாக எங்கள் வீட்டுக்கு வந்தார். கிட்டத்தில் பார்த்தபோது வேட்டியில் இரண்டு இடத்தில் தையல் தெரிந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நேத்து ராத்திரிதான் எனக்குத் தெரிஞ்சுது அம்மா, எல்லாமே உங்க ஆத்துக் கரண்டுன்னு. பிறத்தியார் பொருளைத் தொடாதேன்னு ஊருக்குச் சொல்லிண்டு, அதுலயே பால் காய்ச்சிக் குடிச்சிருக்கேன்" என்று மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். "இது எனக்குக் கிடைச்ச சம்பாவனை. எண்ணிப் பார்க்கலை."

எண்ண அவசியமில்லை, அவ்வளவு ஒல்லியாக இருந்தது பொட்டலம். இரண்டு மாதமாக மனசுக்குள் அந்த மனிதரையும் சேர்த்துத்தான் திட்டியிருந்தேன். வேண்டவே வேண்டாம் என்று கைகூப்பினேன். "காப்பி மட்டும் சாப்பிடுங்கோ, கரி அடுப்புல போட்டது" என்றேன். சிரித்துவிட்டார். உள்ளே கதவுக்குப் பின்னால் என் கணவர் நிற்பது எனக்குத் தெரியும். வெளியே வரவில்லை.

அன்று சாயங்காலம் அவரே ஏணி வைத்து ஏறி, அந்த ஒயரை அறுத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் எறிந்தார். எனக்காகச் செய்தாரா, பெரியவருக்காகவா என்று கேட்கவில்லை. சபை கீழச் சித்திரை வீதிப் பக்கம் போய்விட்டது. அங்கே ஒரு வக்கீல் வீட்டில் பழத்தட்டோடு காரியதரிசியைப் பார்த்ததாக என் பெரியவள் வந்து சொன்னாள். வக்கீல் மனைவியை எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் எச்சரிக்கவில்லை, எனக்கு அந்தக் கொஞ்சம் அற்பத்தனம் உண்டு.

அடுத்த மாதம் கட்டணம் ஆறு ரூபாய்க்கு இறங்கியது. தன்னுடைய சிக்கனத் திட்டத்தின் பலன் என்று என் கணவர் ஆபீஸில் சொல்லியிருக்கிறார். இரண்டு பேர் அந்த எட்டு ஷரத்துகளைக் காப்பியெடுத்துக்கொண்டு போனார்களாம். அந்த வீட்டுப் பெண்களிடம் இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

பில் கட்டுகிற வேலையை அன்றிலிருந்து நான் எடுத்துக்கொண்டேன். முதல் தடவை போனபோது வரிசையில் முப்பது ஆண்கள். கவுண்டரில் இருந்தவர் எட்டிப் பார்த்தார்.

"வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்லீங்களா? இங்க லேடீஸ் வரிசை கிடையாதும்மா."

"நான் ஒருத்தி வந்துட்டேனே. இங்கேயிருந்து ஆரம்பிச்சுக்கோங்க" என்று பக்கத்தில் தனியாக நின்றேன். ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு அட்டைக்குக் கை நீட்டினார்.