அக்கா விட்ட பிழை

அச்சகத்தில் அவளுக்குக் ‘கமா அக்கா’ என்று பேர். இருபத்திரண்டு வருடமாகப் பிழை திருத்துகிறாள். ஒரு கமா இடம் மாறியிருந்தால்கூடப் பல்லில் சிக்கிய நார் போல அவளை உறுத்தும். “அக்கா கையெழுத்துப் போட்டாச்சா? அப்போ கண்ணை மூடிக்கிட்டு மெஷினை ஓட்டுங்க” என்பார் முதலாளி.

ஒருநாள் கல்லூரி மாணவர்களுக்கான உளவியல் புத்தகம் வந்தது. ஆறு அத்தியாயங்களைத் தண்ணீர் குடிப்பது போல முடித்தாள். ஏழாவது, பாலினமும் பாலுணர்வும் பற்றியது. அதை மட்டும் யாரும் பார்க்காதபடி கைப்பையை முன்னால் வைத்துக்கொண்டு படித்தாள். உடலால் அமைவது பால்; தன்னை ஆணென்றோ பெண்ணென்றோ உள்ளுக்குள் உணர்வது பாலின அடையாளம்; மனம் யாரை நாடுகிறது என்பது பாலீர்ப்பு. ஒன்றை வைத்து இன்னொன்றைச் சொல்லிவிட முடியாது என்று எழுதியிருந்தது. விறுவிறுவென்று இரண்டு முறை பார்த்துக் கையெழுத்துப் போட்டாள்.

மூன்றாம் நாள் நூலாசிரியை வந்தார். அச்சுக்குப் போகவிருந்த கடைசித் திருத்தப்படியைப் புரட்டியவர் ஒரு வரியில் விரலை வைத்தார். ‘ஒருபால் ஈர்ப்பு மனநோய்’ என்றிருந்தது. மூலத்தில் ‘மனநோய் அல்ல’. தட்டச்சு செய்தவர் ஒரு சொல்லை விட்டிருந்தார்.

“பார்த்துக் கையெழுத்தும் போட்டிருக்கீங்க. இது உங்க கண்ணுல படலியாம்மா?”

முதலாளி சிரித்தார். “அக்கா, முதல்ல கண்ணாடியை மாத்துங்க.”

கோளாறு கண்ணாடியில் இல்லை. அந்த வரியை அவள் படித்திருந்தாள். சரியாகத்தான் இருக்கிறது என்று தோன்றியதால் தாண்டிப் போயிருந்தாள். சிவப்புப் பேனாவால் ‘அல்ல’ என்று எழுதும்போது காதுமடல் எரிந்தது.

அவளுக்கு ஒரு தம்பி. பதினான்கு வருடங்களுக்கு முன்பு, மாடியில் துணி உலர்த்தும்போது, ஈரப் போர்வையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டே சொன்னான்: “அக்கா, நான் ஒருத்தரை விரும்பறேன். அவர் ஆம்பள. உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன்.”

“யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்டா” என்றாள். போர்வை காயக்கூட இல்லை, அம்மாவிடம் சொல்லிவிட்டாள். குணமாக்கித் தருவதாகச் சொன்ன ஒரு மருத்துவரிடம் அவளேதான் கையைப் பிடித்து இழுத்துப்போனாள். ஏழு வாரம் ஊசி, மாத்திரை. கை நடுங்கி, சோற்றை வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் அவன் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தும், “உன் நல்லதுக்குத்தான்டா” என்றாள். எட்டாவது வாரம் அவன் வீட்டை விட்டுப் போய்விட்டான். கேட்டவர்களிடமெல்லாம் வெளியூரில் வேலை என்றாள். வருடத்துக்கு ஒருமுறை, அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டு அவனிடமிருந்து செய்தி வரும். ‘நல்லா இருக்காங்க’ என்பதற்கு மேல் அவள் ஒரு சொல் எழுதியதில்லை.

மதிய இடைவேளையில் காகிதக் கிடங்குக்குள் போய் அவனைப் போனில் அழைத்தாள்.

“அம்மாவுக்கு என்னாச்சு?” என்று பதறினான்.

“ஒண்ணும் இல்லடா. நான்… நான் பண்ணது பெரிய தப்புடா. உனக்கு நோயெல்லாம் இல்ல.”

“அது எனக்கு அப்பவே தெரியும்க்கா. உனக்கு யார் சொன்னா?”

“ஒரு புத்தகத்துல போட்டிருக்கு…”

“ஓஹோ. நோயில்லைன்னு நான் சொன்னப்ப நம்பல, இல்ல?”

“மன்னிச்சுடுன்னு கேக்கக்கூட வாய் வரலடா.”

“கேக்காதே. கேட்டா, பழக்கதோஷத்துல ‘பரவாயில்லக்கா’ன்னு சொல்லிடுவேன். பரவாயில்லைன்னு இன்னும் ஆகல. மருந்து வாசனை பட்டா இப்பவும் கை நடுங்குது.” பிறகு, “அன்னிக்குச் சொன்னேனே, அவர் இங்கதான் இருக்கார். பேசறியா?” என்றான்.

போன் கை மாறியது. “வணக்கங்க” என்றது ஒரு நிதானமான குரல். இத்தனை வருடத்தில் அந்த மனிதரின் பேரைக்கூட அவள் கேட்டதில்லை.

“சாப்டீங்களா?” என்றுதான் கேட்க முடிந்தது.

“ஆச்சுங்க. நீங்க?”

அன்று மாலை அம்மாவிடம், “நாமதான் அவனைப் படுத்திட்டோம்” என்றாள். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

இப்போது மாதம் ஒருமுறை தம்பியை அழைக்கிறாள். சில மாதம் எடுக்கிறான், சில மாதம் எடுப்பதில்லை. ஏன் எடுக்கவில்லை என்று அவள் கேட்பதில்லை.