மீன் என்று எழுதாத தாள்

2008 மார்ச் 30, ஞாயிற்றுக்கிழமை, காலை 6 மணி 20 நிமிடம். வானத்தில் ஒரு மேகம் இல்லை, காற்றும் இல்லை. கொழும்புக்கு வெளியே, கடுவெலப் பாலத்துக்கு முன்னால் இருந்த யுத்தகாலச் சோதனைச் சாவடியில், பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டு வரிசையில் நின்ற முப்பத்தொரு பேரில் நான் பதினேழாவது ஆள். என் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த தாளை ஒரு சிப்பாய் எடுத்து விரித்தான். அந்த நிமிடம்வரை அது களனி கங்கையின் நீர்மட்டம். அதன்பிறகு அது என்ன என்று தீர்மானிக்கும் உரிமை என்னிடம் இருக்கவில்லை.

எங்கள் வெள்ளவத்தை வீட்டுக்கு இணையத்தை எடுத்துத் தந்தவள் ரொறன்ரோவில் இருக்கும் மகள். தாய் தகப்பனின் முகத்தைப் பார்ப்பதற்காக என்றாள். வாரத்தில் ஒரு மணித்தியாலம் அவள் எங்கள் முகத்தைப் பார்த்தாள். மிச்ச நேரம் நான் ஆற்றைப் பார்த்தேன். எந்த ஆறு எந்த இடத்தில் எத்தனை மீற்றர் உயரம் ஓடுகிறது என்று அரசாங்கமே ஒரு பக்கத்தில் போட்டுக்கொண்டிருந்தது. ஓய்வுபெற்ற மனிதனுக்கு இதைவிட நல்ல வாசிப்பு கிடையாது. முந்திய வருடம் நானும் ஒரு நண்பரும் இருபத்திரண்டு தடவை தூண்டில் தூக்கிக்கொண்டு போய், ஒன்பது தடவை ஆறு கலங்கிப் பெருகியிருப்பதைக் கண்டு, இரையைக்கூட நனைக்காமல் திரும்பியிருந்தோம். இனிமேல் அந்த ஒன்பதும் மிச்சம் என்று கணக்குப் போட்டேன்.

அந்த நண்பர் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர், துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். ஞாயிற்றுக்கிழமைப் பூசையைச் சனி மாலையே முடித்துவிட்டு மீனுக்கு வருவார். என் விஞ்ஞானத்தில் அவருக்கு மரியாதை இல்லை. ஆற்றங்கரைக்குப் போய்ப் பார்த்தால் தெரிகிற விஷயத்துக்குக் கம்பியூட்டர் எதற்கு என்று கேட்டார். பஸ் காசு மிச்சம் என்றேன். அந்தக் கணக்கை மட்டும் ஒத்துக்கொண்டார்.

அந்த ஞாயிறு போகக்கூடாது என்பது மனைவியின் கட்டளை. மறுநாள் திங்கள் காலை பத்து மணிக்கு எங்கள் இருவருக்கும் கனடாத் தூதரகத்தில் விசா நேர்முகம். மகளுக்கு மே மாதம் முதல் பிள்ளை. வெள்ளவத்தையில் விசாவுக்குக் காத்திருக்கும் வீடுகளில் ஒரு நோன்பு உண்டு: நேர்முகம் முடியும்வரை தும்மினால்கூட மெதுவாகத் தும்மவேண்டும். நான் நீர்மட்டத்தைக் காட்டினேன். 1.1 மீற்றர், அந்த மாதத்திலேயே குறைவு, இப்படி ஒரு ஞாயிறு இனி வராது என்றேன்.

"ஆறு எங்கையும் போகாது," என்றாள். "இன்ரவியூ போயிடும்."

பகல் சமையலுக்கு முன் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனேன்.

இப்போது அந்தத் தாள். அச்சடித்த அட்டவணையில் கடுவெல என்ற பெயரைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தேன். ஓரத்தில் பென்சிலால், தமிழில், எனக்கே எனக்காகச் சில குறிப்புகள்: '1.2க்குக் கீழே போனால் இறங்கலாம்.' 'பாலத்தின் இடதுபக்கத் தூண் நல்லது.' 'ஆள் நடமாட்டம் தொடங்க முன் முடிக்கவேண்டும்.' 'இரண்டு பேர் போதும்.' வாசிக்கும் உங்களுக்கு இப்போது எப்படித் தோன்றுகிறதோ, அவர்களுக்கும் அப்படியே தோன்றியது.

என்னையும் எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற நண்பரையும் பக்கத்திலிருந்த பொலிஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போனார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் அங்கே இல்லை. எனவே சந்தேக நபர் ஒன்றின் எழுத்தை மொழிபெயர்க்கும் பொறுப்பு சந்தேக நபர் இரண்டுக்குக் கிடைத்தது. நண்பரின் சிங்களம் சுத்தமானது. இன்ஸ்பெக்டர் முன்னால் நின்று ஒவ்வொரு வரியையும் சொல்லி, முடிவில் 'மாளுவன்ட்ட', அதாவது மீனுக்கு, என்று சேர்த்தார். இடதுபக்கத் தூண் நல்லது, மீனுக்கு. இரண்டு பேர் போதும், மீனுக்கு. இன்ஸ்பெக்டர் நாலு வரிக்கு நாலு மீனை எண்ணி வைத்துக்கொண்டு, அந்தச் சொல் தாளில் எங்கே இருக்கிறது, தொட்டுக் காட்டு என்றார்.

நண்பர் என் பக்கம் திரும்பினார்.

"ஐசே, எங்கயாவது ஒரு மீன் எழுதினீரா?"

"இல்லை."

"ஒரு இறால்?"

"இல்லை."

"கரண்ட் பில்லுக்குப் பின்னால கூட கணக்கு எழுதுற மனுசன், இதை மட்டும் விட்டுட்டீர்."

மீன் பிடிக்கப் போகிறவன் மீன் என்று எதற்காக எழுதவேண்டும்? இதை நான் கேட்கவில்லை. தூண்டில் தடிகளைக் காட்டினோம். தடி எந்தக் கடையிலும் வாங்கலாம் என்றார்கள். அதில் நியாயம் இருந்தது, நானும் கடையில்தான் வாங்கியிருந்தேன். இரைக்குப் பிசைந்து வைத்திருந்த பாண் உருண்டைகளை ஒரு கான்ஸ்டபிள் ஒவ்வொன்றாக மணந்து பார்த்தார். என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்தது. அதை மட்டும் யாரும் மொழிபெயர்க்கக் கேட்கவில்லை.

வாங்கில் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் என் மனம் விசா விண்ணப்பத்தில் இருந்தது. எப்போதாவது கைதுசெய்யப்பட்டோ தடுத்துவைக்கப்பட்டோ இருக்கிறீர்களா என்று அதில் ஒரு கேள்வி. வியாழக்கிழமைதான் 'இல்லை' என்ற கட்டத்தில் மையால் புள்ளடி போட்டிருந்தேன்.

வீட்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்புக்கு விட்டார்கள். மனைவி முச்சக்கர வண்டியில் வந்து இறங்கினாள், கையில் நேர்முகத்துக்காக அடுக்கி வைத்திருந்த பிளாஸ்டிக் கோப்பு. கொழும்பில் தங்குவதற்கான பொலிஸ் பதிவு, கலியாணப் பதிவு, ஓய்வூதிய அட்டை, மகளின் கடிதம் எல்லாவற்றையும் மேசையில் பரப்பினாள். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. அறுபத்தெட்டு வயதில் ஒருவன் தன் மனைவியைவிடப் பொலிஸ்காரர்கள் அன்பானவர்கள் என்று எண்ணும் சந்தர்ப்பம் அதிகம் வராது.

இன்ஸ்பெக்டர் கோப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு, இடதுபக்கத் தூணை நேரில் பார்த்துவருவதாகப் போனார். முக்கால் மணித்தியாலத்தில் முழங்கால்வரை நனைந்து திரும்பினார். தூணடியில் நாங்கள் வழக்கமாக நிற்கும் மணல்திட்டே இல்லையாம். சனி மாலை மலைப்பக்கம் பெய்த மழை கீழே வந்து சேர்ந்திருந்தது. அந்த 1.1 வெள்ளிக்கிழமைக் கணக்கு. சனி ஞாயிறில் அதை மாற்ற ஆள் இருக்கவில்லை. ஆற்றுக்கு மட்டும் வார விடுமுறை கொடுக்க மறந்துவிட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் நீளமாக ஏதோ சொன்னார். நண்பர் அதைச் சந்தோஷமாக மொழிபெயர்த்தார்.

"பாலத்துக்கு ஏதாவது செய்ய வந்தவன் இந்தத் தாளை நம்பி இறங்கியிருந்தா, அங்கயே செத்திருப்பானாம். இப்பிடி ஒரு மடையனை எவனும் அனுப்பமாட்டானாம்."

"மடையன் எண்டு அவர் சொன்னவரோ?"

"அது நான் போட்டது. மீன் மாதிரி."

நண்பரை அத்தோடு போகச் சொன்னார்கள். எழுத்து அவருடையது அல்ல. எனக்கு ஒரு நிபந்தனை இருந்தது. திங்கள் காலை ஒன்பது மணிக்கு வந்து வாக்குமூலம் கொடுத்துக் கையெழுத்திட்டால் விஷயம் அங்கேயே முடியும். வராவிட்டால் பதிவு மேலிடத்துக்குப் போகும். நான் நேர்முகத்தைச் சொன்னேன். இன்ஸ்பெக்டர் கொடுமைக்காரர் அல்ல, உண்மையாகவே யோசித்தார். மனைவி அப்போதுதான் முதல் தடவை வாய் திறந்தாள். முப்பது வருடம் சந்தையில் மரக்கறி வாங்கிப் பழகிய சிங்களத்தில், எட்டு மணி என்று பேரம் பேசினாள். வாக்குமூலம் எழுதுகிறவர் வரும் பஸ் ஒன்பதுக்குத்தானாம். மரக்கறிக்காரன் என்றால் இறங்கியிருப்பான்.

திரும்பும் பஸ்ஸில் பொரளை தாண்டும்போது அவள் கோப்பைத் திறந்து என் கடதாசிகளைப் புறம்பாக எடுத்தாள்.

"நான் தனியப் போறன். நீங்கள் இதை முடியுங்கோ."

"தனியப் போய் இங்கிலீசிலை கதைப்பீரோ?"

"பேரப்பிள்ளையைப் பாக்க எவ்வளவு இங்கிலீசு வேணும்?"

திங்கட்கிழமை நான் 8.40க்குப் போய் நின்றேன். எழுதுகிறவர் 9.35க்கு வந்து, மூன்று பக்கம் எழுதி, 11.50க்கு என்னிடம் கையெழுத்து வாங்கினார். அதற்குள் தூதரகத்தில் அவளிடம் நாலு கேள்வி கேட்டு, நாலுக்கும் பதில் வாங்கி, விசா கொடுப்பதாகச் சொல்லிவிட்டார்கள். வராதவருக்குக் கொடுக்க அவர்களிடம் ஒன்றும் இல்லை, புதிதாக விண்ணப்பிக்கவேண்டும். புதிய விண்ணப்பத்தில் அந்தக் கேள்விக்கு 'ஆம்' என்று போட்டு, விளக்கம் அரைப் பக்கம் எழுதினேன். இந்தத் தடவை மீன் என்ற சொல் பதினொரு இடத்தில் வந்தது.

மனைவி மே முதல் வாரம் போனாள். நான் ஐந்து மாதம் தனியாகச் சோறு வடித்து, கணினித் திரையில் பேரனைப் பார்த்தேன்; பிறந்த அன்று, குளிப்பாட்டியபோது, குப்புறப் புரண்டபோது. அந்தத் திரையில் ஆற்றைத் தேடவில்லை. ஒக்டோபரில் நான் போய்ச் சேர்ந்தபோது அவன் தாத்தா என்பது திரைக்குள் இருக்கும் ஒரு சாமான் என்று முடிவுசெய்திருந்தான். நேரில் கண்டதும் வீரிட்டு அழுதான். பழக ஒன்பது நாள் எடுத்தது.

தாளை அச்சடித்தது, பஸ், மனைவியின் முச்சக்கர வண்டி, சான்றுப் பொருளாக அங்கேயே தங்கிவிட்ட என் தூண்டில், இரண்டாவது விண்ணப்பம், ஒக்டோபரில் ஏறியிருந்த விமானச் சீட்டின் வித்தியாசம், எல்லாம் கூட்டினால், பஸ் காசு மிச்சம் பிடிக்க எனக்குச் செலவானது நாற்பத்தோராயிரத்து நானூற்றைம்பத்தெட்டு ரூபா.